சுடாத வெயில்

என் மேல் நூறு குறை சொல்லலாம், கேட்டுக்கொள்வேன். கவனமில்லாத ஆள் என்று மட்டும் எவரும் சொல்லிவிட முடியாது. தேரிமுனையில் நடந்த தப்பு முழுக்க என் கவனத்தால் நடந்தது.

பெயர் தொபியாஸ். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய இந்த ஊரில் எட்டு வருஷமாக வெயில் காவலர். அரசாங்கக் கடிதத்தில் இந்த வேலைக்கு இரண்டு வரி நீளத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஊரில் கொடிக்காரர் என்பார்கள். கடற்கரையில் உயரமான மொட்டை மாடி என்னுடையது என்பதால் கருவியை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அது நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்லும். ஐந்து வரைக்கும் பச்சைக் கொடி. ஆறிலிருந்து ஒன்பது வரை மஞ்சள். பத்தைத் தொட்டால் ஊதா. ஊதா ஏறிவிட்டால் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் ஒருத்தர் நிற்கக் கூடாது. நின்றால் ரோந்து ஜீப் வரும், மீன் பெட்டியை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய நாடுகள் எல்லாம் கூடிப் பேசி, பூமி கொதிப்பதை நிறுத்த மேல்வானத்தில் விமானம் விட்டுத் தூள் தூவின. பழி சொல்லக் கூடாது, சொன்னபடி சூடு குறைந்தது. சித்திரையிலும் காற்று குளுகுளுவென்று வந்தது. அக்கினி நட்சத்திரத்தில் மின்விசிறியை ஒன்றில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினோம். உச்சிப் பொழுதில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள், யாரும் அதட்டவில்லை. நம் ஜனங்களுக்கு வெயில் என்றால் சூடுதான். சுட்டால் நிழலுக்கு ஓடுவோம். சுடாவிட்டால் அது வெயிலே இல்லை.

தூத்துக்குடியில் ஒரு வாரப் பயிற்சி முடித்து நான் வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி எஸ்கலின் இதைத்தான் கேட்டாள்.

"வெயிலுதான் அடங்கிட்டே. பொறவு எதுக்கு இந்தக் கொடியும் கம்பும்?"

"அடங்குனது சூடு. வெயிலுக்குள்ள ரெண்டு சங்கதி இருக்கு பாத்துக்க. ஒண்ணு சுடும். இன்னொண்ணு சுடாது, கண்ணுக்கும் தெரியாது. புற ஊதாக் கதிருன்னு பேரு. அது தோலுக்குள்ள எறங்கி வேலையக் காட்டும். முன்னால மேல ஒரு காத்துப் போர்வை இருந்து அத வடிகட்டிக்கிட்டு இருந்திச்சி. இவனுவ போட்ட தூள் அந்தப் போர்வைய அரிச்சிட்டு."

"என்ன வேலையக் காட்டும்?"

"கேன்சரு. தோல்ல."

"சுடாதுன்னா, எவ்வளவு விழுதுன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்க?"

"அதுக்குத்தான நான் இருக்கேன்."

"ஆமா, பெரிய சூரியன்" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

எஸ்கலின் கருவாடு போடுகிறவள். கரையில் மணல்மேல் வலை விரித்து, உப்பில் ஊறின நெத்திலியையும் சாளையையும் பரப்பி, காக்கையையும் நாயையும் விரட்டிக்கொண்டு நிற்கிற வேலை. முன்பு நல்ல வெயிலில் ஒன்றரை நாளில் நெத்திலி சலசலவென்று காய்ந்துவிடும். தூள் தூவின பிறகு மூன்று நாள், நான்கு நாள் ஆயிற்று. யோசித்துப் பாருங்கள், எங்கள் பெண்கள் வெயிலில் நிற்கிற நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது அந்தக் குளிர்ந்த வெயிலால்தான். திட்டம் போட்ட பெரிய மூளைக்காரர்கள் எவருக்கும் நெத்திலி ஞாபகத்துக்கு வரவில்லை.

இனி என் கவனத்துக்கு வருகிறேன்.

என் சுபாவம் அப்படி. டிவி ரிமோட்டை வாங்கின அன்றே பாலித்தீன் உறையில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுவேன். நாற்காலியில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருக்கிறது. கல்யாண ஆல்பம் வேட்டியில் சுற்றி, வேட்டி ஒரு பையில், பை பீரோவுக்குள். முப்பது வருஷத்தில் அதைப் பத்துத் தடவை திறந்திருப்போமா, தெரியாது. ஆனால் புதுக்கருக்கு அழியவில்லை. "ஒங்களுக்கே ஒரு உறை தச்சுப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்பாள் எஸ்கலின்.

கருவியைக் கொண்டுவந்த பொறியாளர், ஒரு நாலுபேர் வீட்டை விற்றாலும் வாங்க முடியாத சாமான் இது என்று சொல்லிவிட்டுப் போனார். உச்சியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். முதல் வாரமே அதன்மேல் காக்கை எச்சமிட்டது. இங்கே உப்புக் காற்று புது சைக்கிள் செயினை ஆறு மாதத்தில் தின்றுவிடும். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. அரசாங்கச் சாமான் என் கையில் கெட்டுப்போனால் என்ன பதில் சொல்வேன்?

எஸ்கலின்தான் வழி சொன்னாள். மாதா கோயில் திருவிழாவில் வளையம் எறிந்து நான் ஒரு தங்கமீன் ஜெயித்திருந்தேன். மீன் பதினோரு நாள் இருந்தது. தொட்டி மிச்சம். உருண்டையான நல்ல கண்ணாடித் தொட்டி.

"சும்மாதான கெடக்கு. இத அது மேல கவுத்துப் போடுங்க. வெளிச்சம் போவும், காக்காய் போவாது."

கவிழ்த்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. விளிம்பைச் சுற்றி காற்று போகாமல் பசை வைத்தேன். தினமும் விடிந்ததும் மாடியேறித் தொட்டியைப் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பேன். எட்டு வருஷத்தில் ஒருநாள் தவறவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் துடைத்தேன்.

கருவி மூன்று சொல்லும், நான்கு சொல்லும். எப்போதாவது ஐந்து. பச்சை, பச்சை, பச்சை.

எங்களுக்கு வடக்கே பத்து மைலில் ஆலம்பாடு, தெற்கே கூட்டுத்துறை. அங்கே எல்லாம் வாரத்துக்கு ஐந்து நாள் ஊதா. எங்களுக்கு மட்டும் ஏன் பச்சை? அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "கருவியச் சுத்தமா வச்சிருக்கீங்களா?" என்றார்கள். "தினமும் தொடைக்கேன் சார்" என்றேன். சத்தியமான பேச்சு. நேரில் வந்து பார்க்க வேண்டிய ஆய்வாளர் வருஷா வருஷம் போனிலேயே ஆய்வு முடித்தார். பிறகு சென்னையிலிருந்து ஒருவர், கடலோர ஈரப்பதம் தேரிமுனையைக் காக்கிறது என்று கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கிவிட்டார். ஊர் எல்லையில் 'பாதுகாப்பான கடற்கரை' என்று பலகை வைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஈரப்பதம் எல்லாம் ஏறவில்லை. மாதா காப்பாற்றுகிறாள் என்றார்கள். திருவிழாவுக்குத் தேர் புதுசாகச் செய்தோம்.

அதற்கப்புறம் ஊருக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. ஆலம்பாட்டுப் படகும் கூட்டுத்துறைப் படகும் மீனை இங்கே கொண்டுவந்து இறக்கின. காயப்போட இங்கேதானே நாள் முழுக்க விடுவார்கள்! கரை நெடுக வலைகள். நாலு ஊர்ப் பெண்களுக்கு வேலை. பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டு விழாக்கள் எங்கள் மணலில் நடந்தன. ஊர்த் தலைவர் கிளமென்ட் என்னைக் கண்டால் எழுந்து நின்று பேசினார். நானும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன், மறைப்பானேன்.

எஸ்கலின் முக்காடு போடுவதையே விட்டுவிட்டாள். மற்ற பெண்கள் கேட்டால், "எங்க வீட்டுக்காரவுக பச்சை போட்டிருக்காவ. பொறவு என்ன?" என்பாளாம்.

போன வருஷம் அவளுடைய மூக்கின் இடது மடலில் சின்னதாக ஒரு புண் வந்தது. மீன் முள் கீறினது என்று நினைத்தோம். மஞ்சள் வைத்தாள். ஆறும், பொருக்கு உதிரும், மறுபடி ரத்தம் கசியும். எட்டு மாதம் அப்படியே போயிற்று. கழுத்தில் தாடைக்குக் கீழே ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தட்டுப்பட்டது. பல்வலியாக இருக்கும் என்று சொன்னது நான்.

மாசி மாதம் தோல் பரிசோதனை வண்டி வந்தது. கரையோர ஊர்களுக்கு எல்லாம் வருகிற வண்டிதான். அதில் வந்த டாக்டர் பெயர் செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரப் பெண், முப்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். எங்கள் பெண்கள் அவரைக் கலாட்டா செய்தார்கள்.

"நாங்க கறுப்புத் தோலு டாக்டரம்மா. இதெல்லாம் வெள்ளக்காரிக்கு வர்ற சீக்குல்லா?"

"கறுப்புத் தோலுக்குள்ள ஒரு குடை இருக்கு, உண்மைதான். ஆனா இப்ப பெய்யுற மழைக்கு அந்தக் குடை பத்தாது. நீங்க வராதுன்னு நம்பிட்டு இருக்கிறதால, வந்தா கடைசியிலதான் பாக்குறீங்க" என்றார் அவர். பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் ஒவ்வொரு முகமாக லென்ஸ் வைத்துப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்தார். சிலரிடம் துளித் துளியாகத் தோல் எடுத்தார். எஸ்கலினிடமும் எடுத்தார்.

மூன்று வாரம் கழித்து அவர் தனியாக வந்தார். நேரே என் வீட்டுக்கு. மணி பதினொன்றரை இருக்கும். எஸ்கலின் கரையில் இருந்தாள்.

"உங்க கருவியப் பாக்கலாமா?" என்றார்.

மாடிப்படி ஏறும்போதே சொன்னார். "ஆலம்பாட்டுல வாரத்துக்கு அஞ்சு நாள் ஊதாக் கொடி. அங்க மூணு பேருக்குத்தான் தோல் கேன்சர் இருக்கு. உங்க ஊர்ல வருஷம் பூரா பச்சை. இங்க பத்தொன்பது பேரு. எனக்கு இது புரியல."

மேலே வந்ததும் நின்றுவிட்டார். நான் அன்று காலையில் துடைத்த தொட்டி வெளிச்சத்தில் மின்னியது.

"அது என்னது?"

"மீன் தொட்டி. கருவி கெட்டுப்போயிடக் கூடாதுன்னு போட்டு வச்சிருக்கேன். எட்டு வருசமா ஒரு கீறல் விழல பாருங்க." இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் தன் கைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டரை எடுத்து வெயிலில் நீட்டினார். பதினான்கு என்று காட்டியது. கருவியின் எண்ணைக் காட்டுகிற சுவர்த் திரையைப் பார்த்தார். நான்கு. பிறகு என்னிடம் ஒரு கத்தி கேட்டார். பசையை அறுத்துத் தொட்டியின் விளிம்பைத் தூக்கித் தன் மீட்டரை உள்ளே வைத்தார். பதினான்கு நான்காக இறங்கியது. வெளியே எடுத்தார், பதினான்கு. இன்னொரு தடவை உள்ளே வைத்தார். எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"அது எப்படி டாக்டர்? கண்ணாடிதான? அந்தப் பக்கம் அப்படியே தெரியுதே."

"வெளிச்சம் போவும். அதனாலதான் உங்களுக்குச் சந்தேகம் வரல. ஆனா தோலைக் கெடுக்குற கதிர்ல பெரும்பங்கைச் சாதாரணக் கண்ணாடி நிறுத்திரும். கருவியோட குமிழ் குவார்ட்ஸ்ல செஞ்சது, அது விட்ரும். நீங்க மேல ஒரு குடையப் பிடிச்சிட்டு மழை அளந்திருக்கீங்க."

"எட்டு வருசமா" என்றேன்.

"எட்டு வருஷமா."

கீழே கரையில் வலைகள் வரிசையாகக் கிடந்தன. பெண்கள் தலையில் ஒன்றும் இல்லாமல் பேசிச் சிரித்துக்கொண்டு மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல காற்று. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பத்தொன்பது பேர்ல எஸ்கலின் உண்டா?"

"உண்டு. மூக்குல இருக்கிறது கழுத்துக் கட்டிக்குப் போயிருக்கு. மதுரையில உடனே ஆபரேஷன் பண்ணணும். மூக்குல ஒரு பக்கம் எடுத்திருவாங்க. உயிர் பிழைக்க வாய்ப்பு இருக்கு, தள்ளிப்போட்டா இல்ல." அவர் மீட்டரைப் பைக்குள் போட்டார். "நான் ரிப்போர்ட் எழுதணும். அதுக்கு முன்னால நீங்களே வீட்லயும் ஊர்லயும் சொல்லிடுங்க. வேற ஆள் சொல்லிக் கேட்டா அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

அவர் போன பிறகு பச்சையை இறக்கி ஊதாவை ஏற்றினேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை. மடிப்புக் கலையாமல் உறைக்குள்ளேயே இருந்த துணி அது. கரையில் கூச்சல் எழுந்தது. நான் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

எஸ்கலின் வேகமாக வீட்டுக்குள் வந்தாள். "என்ன, கொடி மாத்திப் போட்டியளா? அங்க எல்லாவளும் கத்துதாளுவ." அப்புறம் தொட்டியைப் பார்த்தாள். "இத ஏன் எடுத்திய?"

சொன்னேன். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் மூக்கைப் பற்றியும் கழுத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் சமையலறை வாசலில் மீன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவள் அழவில்லை. தொட்டியை வாங்கிப் பார்த்தாள்.

"இதக் குடுத்தது நாந்தான?"

"வச்சது நானு" என்றேன்.

"நின்னதும் நாந்தான." கொஞ்ச நேரம் தொட்டியின் விளிம்பில் இருந்த காய்ந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "எட்டு வருசமும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்துனேன். ஒங்களுக்கு ஏத்தியிருக்கணும்" என்றாள். அது கேலியா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் கோயில் வாசலில் நிற்கும்போது நான் படியில் ஏறி நின்று சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் மனசு ஆறியிருக்கும். சில பெண்கள் அங்கேயே தங்கள் முகத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி வாய்விட்டு அழுதாள். ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பத்து நிமிஷம் கழித்து கிளமென்ட் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார்.

"வேணும்னா செஞ்சீரு? இல்லல்லா. சரி, விடும். இப்பம் இதை யாரு யாருக்குத் தெரியும்?"

"டாக்டரம்மா ரிப்போர்ட் எழுதுதாவ."

"ரிப்போர்ட் போயி, பைல் நவுந்து, ஆளு வந்து பாக்கதுக்கு ஆறு மாசம் ஆவும். நெத்திலி இந்த ரெண்டு மாசந்தான். ஊதா போட்டா நாளைக்கே ஆலம்பாட்டுக்காரன் படக எங்கயாவது கொண்டு போவான். நாலு ஊரு பொம்பளைய சோத்துக்கு என்ன செய்வாளுவ? அந்தத் தொட்டிய இருந்த எடத்துல வையும். சீசன் முடியட்டும்."

"கிளமென்ட் அண்ணே, பத்தொம்பது பேருக்கு வந்திருக்கு."

"வந்தவகளுக்கு வந்துட்டு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சுனாமி எச்சரிக்கை வந்தபோது கிழவிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினவர். "இந்த வெயிலு யாரையும் இன்னைக்கு நாளைக்குக் கொல்லாதுல்லா? பட்டினி நாளைக்கே கொல்லும்."

நான் வைக்க மாட்டேன் என்றேன். மறுநாள் விடியற்காலை எஸ்கலினைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். மாடிச் சாவியை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும், கொடி தினமும் ஏற வேண்டும் அல்லவா. ஊர்த் தலைவரிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பது?

மதுரையில் பதினெட்டு நாள். மூக்கின் இடது மடலை முழுக்க எடுத்துவிட்டு, நெற்றியிலிருந்து தோலை இழுத்துத் தைத்தார்கள். கழுத்தில் காதிலிருந்து தொண்டை வரை ஒரு வெட்டு. ஐந்து வருஷம் தாண்டினால் பயமில்லை என்றார்கள். கட்டுப் பிரித்த அன்று அவள் கண்ணாடி கேட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் கொடுக்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தாள். இடது பக்கத்தை, வலது பக்கத்தை, பிறகு கையால் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு தடவை.

"கல்யாண ஆல்பம் புதுசாத்தான இருக்கு?" என்றாள். "நல்லவேள, உறையில போட்டு வச்சிய."

நான் கண்ணாடியை வாங்கி நர்ஸிடம் கொடுத்தேன்.

இடையில் அலுவலகத்துக்கு நானே இரண்டு கடிதம் போட்டேன். டாக்டர் செண்பகவல்லியின் ரிப்போர்ட்டும் போய்ச் சேர்ந்திருந்தது. பதில் வந்தது. கருவியின் மறு ஆய்வு பரிசீலனையில் உள்ளது, அதுவரை வழக்கமான நடைமுறை தொடரட்டும்.

திரும்பி வந்த நாளில் ஆட்டோ ஊர் எல்லைக்குள் நுழையும்போது மணி பதினொன்று. பாதுகாப்பான கடற்கரை என்ற பலகை அப்படியே இருந்தது. எஸ்கலின் மெல்லிய துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. ஆட்டோ எங்கள் தெருவில் திரும்பியதும் அந்தக் கண்கள் மேலே பார்த்தன. நானும் பார்த்தேன். என் வீட்டு மாடியில் பச்சைக் கொடி பறந்துகொண்டிருந்தது.

பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடினேன். பூட்டு திறந்து கிடந்தது. கருவியின்மேல் மீன் தொட்டி. எங்கள் தொட்டி இல்லை, அது அடுப்படிப் பரணில் இருக்கிறது. இது புதுசு. கடை ஸ்டிக்கர்கூட உரிக்காமல் ஒட்டியிருந்தது. ஊர் கூடி வாங்கியிருக்கிறது.

சுவரில் திரை நான்கு என்றது. தொட்டியைத் தூக்கினேன். எண் ஏறி ஏறிப் பதின்மூன்றில் நின்றது. பச்சையை இறக்கக் கயிற்றில் கை வைத்தேன். அதற்குள் கிளமென்ட் மூச்சு வாங்கப் படியேறி வந்து என் கையின்மேல் கை வைத்தார்.

"தொபியாஸு, சொன்னாக் கேளும். நீரு ஊதா போட்டா நான் எறக்கிப் பச்சை போடுவேன். நீரு மறுபடி போட்டா நானும் மறுபடி போடுவேன். ஊரு எம்பக்கம் இருக்கு."

அவர் சொன்னது நிஜம். கரையில் நூறு நூற்றைம்பது பெண்கள் இருந்தார்கள். முதல் வலை கிளமென்டின் மனைவி ரெஜினாவுடையது. கூடவே அவருடைய மகளும் நின்றாள். எல்லோரும் ஒரு தடவை மாடியைப் பார்த்துவிட்டுக் குனிந்து மீனைப் புரட்டினார்கள். தெரிந்தேதான் நின்றார்கள். இரண்டு கிழவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கீழே முற்றத்திலிருந்து எஸ்கலின் குரல் கேட்டது. "என்ன வருது?"

"பதிமூணு" என்றேன்.

அவள் வீட்டுக்குள் போனாள். படுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவைத் தாண்டி மணலில் இறங்கினாள். "ஏ, வெயில்ல போவாத, டாக்டரு என்ன சொன்னாவ!" என்று மேலேயிருந்து கத்தினேன். காது கேட்காத மாதிரி நடந்தாள்.

ரெஜினாவின் வலைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முகத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குடைக்குக் கீழே அப்படியே நின்றாள். ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையிலிருந்த மீன் கூடை கீழே விழுந்ததை மாடியிலிருந்தே பார்த்தோம். எஸ்கலின் ரெஜினாவின் மகள் பக்கம் திரும்பி அவளுக்கும் முகத்தைக் காட்டினாள். பிறகு அடுத்த வலைக்குப் போனாள்.

அப்படி ஒவ்வொரு வலையாக நின்று நின்று போனாள். யாரையும் கூப்பிடவில்லை. யாராவது குனிந்துகொண்டே இருந்தால் நிமிரும்வரை காத்திருந்தாள். கரையில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது, காக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் எட்டாவது வலைக்குப் போகும்போது முதல் வலையில் ரெஜினா மகளின் தலையில் தன் முந்தானையைப் போர்த்தினாள். பிறகு இருவரும் வலையின் நான்கு மூலையையும் பிடித்து மீனோடு சுருட்டத் தொடங்கினார்கள்.

கயிற்றிலிருந்து கிளமென்டின் கை எப்போது விலகியது என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். "பன்னெண்டு வயசுலேர்ந்து கரையில நிக்கா எம்மவ" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நான் ஊதாவை ஏற்றினேன். அதைப் பார்க்க யாரும் இல்லை, எல்லோரும் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நெத்திலி காயவில்லை. அதற்கப்புறமும் காலையும் மாலையும் மட்டும் போட்டு ஆறு நாளில் பாதி காய்ந்தது, பாதி அழுகியது. ஆலம்பாட்டுப் படகுகள் வேறு கரைக்குப் போய்விட்டன. சிலர் என்னோடு இன்னும் பேசுவதில்லை.

எஸ்கலின் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. குடையை மடக்கி மூலையில் சாத்தினாள். துண்டால் கழுத்தைத் துடைத்தாள். வியர்வையே இல்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, வாசலில் விழுந்து கிடந்த அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் நின்னேன், கொஞ்சங்கூடச் சுடவே இல்ல பாத்தியளா?" என்றாள்.